சிமெண்டு மூட்டையும் நன்கொடை ரசீதும்: அந்துலே வழக்கு சொல்லும் பாடம்

சிமெண்டு இன்று தெருவுக்குத் தெரு கிடைக்கிறது. தாராவியில் வீட்டுச் சுவர் பூச இரண்டு மூட்டை வேண்டும் என்றால் கையில் பணம் இருந்தால் போதும். யாரிடமும் மனுப் போட வேண்டியதில்லை.

1981-ல் நிலைமை அப்படி இல்லை. சிமெண்டுக்கு அரசாங்கக் கட்டுப்பாடு இருந்த காலம் அது. மத்திய அரசு மாநிலத்துக்கு இவ்வளவு என்று ஒதுக்கும். மாநில அரசு அதைப் பர்மிட் போட்டுப் பங்கு பிரிக்கும். பர்மிட் உள்ளவருக்குக் கட்டுப்பாட்டு விலை. இல்லாதவருக்குக் கள்ளச் சந்தை விலை. இரண்டுக்கும் இடையே இருந்த வித்தியாசம் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம்.

பம்பாயில் வானளாவிய கட்டிடங்கள் எழுந்துகொண்டிருந்த நேரம். கட்டிட முதலாளிகளுக்குச் சிமெண்டு பொன்னாக இருந்தது. அந்தப் பொன்னைக் கொடுக்கும் கை யாருடையதோ, அவர் வாசலில் கூட்டம் நிற்கத்தானே செய்யும்?

அந்த வாசலில் என்ன நடந்தது என்பதுதான் மராட்டிய மாநில முன்னாள் முதல்-மந்திரி ஏ.ஆர்.அந்துலே மீதான வழக்கு. கோட்டைப் பகுதியில் உள்ள கோர்ட்டில் தொடங்கி டெல்லி சுப்ரீம் கோர்ட்டு வரை பல முறை போய் வந்த வழக்கு. நாடு முழுவதும் சட்டக் கல்லூரிகளில் இன்றும் படிக்கிறார்கள். ஆனால் அது என்ன வழக்கு, எப்படிப் போயிற்று என்று நம்மவர்களில் பலருக்குத் தெரியாது.

முதல்-மந்திரி நாற்காலியில்

கொங்கணக் கரையைச் சேர்ந்தவர் அந்துலே. 1929-ல் பிறந்தவர். பாரிஸ்டர். 1980 ஜூன் மாதம் மராட்டிய முதல்-மந்திரி ஆனார். அந்த மாநிலத்தில் அந்தப் பதவிக்கு வந்த முதல் முஸ்லிம் தலைவர் அவரே.

சுறுசுறுப்புக்குப் பெயர் பெற்றவர். ஆதரவற்ற ஏழைகளுக்கு மாதந்தோறும் உதவித்தொகை தரும் சஞ்சய் காந்தி நிராதார் திட்டம் அவர் காலத்தில்தான் வந்தது. இன்றும் அந்தத் திட்டம் நடக்கிறது. நல்லதைச் சொல்லாமல் விடுவது முறையல்ல.

அவர் பல அறக்கட்டளைகளையும் தொடங்கினார். அவற்றில் பெரியது 1980 அக்டோபரில் தொடங்கிய 'இந்திரா காந்தி பிரதிபா பிரதிஷ்டான்'. கலைஞர்களுக்கும் திறமை உள்ள ஏழைகளுக்கும் உதவுவது நோக்கம் என்று சொல்லப்பட்டது. நன்கொடைகள் குவிந்தன. கட்டிட முதலாளிகள் கொடுத்தார்கள். கூட்டுறவு சர்க்கரை ஆலைகள் கொடுத்தன.

1981 ஆகஸ்டு 31-ந் தேதி 'இந்தியன் எக்ஸ்பிரஸ்' பத்திரிகையில் அருண் ஷோரி ஒரு நீண்ட கட்டுரை எழுதினார். அறக்கட்டளைக்குப் பணம் கொடுத்தவர்கள் யார், அவர்களுக்கு அரசாங்கத்திடம் என்ன காரியம் ஆகவேண்டி இருந்தது என்று வரிசைப்படுத்தினார். நாடே பரபரத்தது. பாராளுமன்றத்தில் அமளி.

ஜூலை மாதம் நடந்தது

அந்தக் கட்டுரை வருவதற்கு ஏழு வாரம் முன்பு இன்னொரு காரியம் நடந்தது. நம்மவர்கள் மறக்கக்கூடாத காரியம்.

1981 ஜூலை 13-ந் தேதி முதல்-மந்திரி அந்துலே ஓர் அறிவிப்பு வெளியிட்டார். பம்பாய் நடைபாதைகளில் குடியிருப்போர் அனைவரும் வெளியேற்றப்படுவார்கள், அவரவர் சொந்த ஊருக்கு அனுப்பப்படுவார்கள் என்பது அறிவிப்பு. கொட்டுகிற மழைக்காலம் அது.

வில்லே பார்லேயில் மேற்கு எக்ஸ்பிரஸ் நெடுஞ்சாலை ஓரம் ஒரு குடிசைப் பகுதி இருந்தது. 1960-61 வாக்கில் உருவானது. அதன் பெயர் காமராஜ் நகர். பெயரைக் கேட்டாலே அங்கே யார் இருந்திருப்பார்கள் என்று ஊகிக்கலாம். அந்த மக்கள் ஐகோர்ட்டுக்குப் போனார்கள். அக்டோபர் 15 வரை குடிசைகளை இடிப்பதில்லை என்று அரசுத் தரப்பில் ஒப்புக்கொண்டார்கள். ஆனால் ஜூலை 23-ந் தேதியே மக்களை அரசு பஸ்களில் அடைத்து ஊரைவிட்டு அனுப்பினார்கள் என்று சுப்ரீம் கோர்ட்டு மனுவில் குற்றம் சாட்டப்பட்டது. அந்தப் பயணத்தில் இரண்டு குழந்தைகள் பிறந்தன, இரண்டு குழந்தைகள் இறந்தன என்றும் மனுவில் கூறப்பட்டது.

சுப்ரீம் கோர்ட்டுக்குப் போனவர்களில் சேலம் மாவட்டத் தொழிலாளி ஒருவரும் உண்டு. பஞ்சம் பிழைக்க 1961-ல் பம்பாய் வந்தவர். தகிசரில் ஒரு ரசாயனக் கம்பெனியில் நாள் கூலி 23 ரூபாய். பிளாஸ்டிக் தாளும் கித்தானும் போட்ட ஒரு நடைபாதைக் குடிசைக்கு ஒரு தாதாவுக்கு 2,500 ரூபாய் அழுதவர். மனைவி, மூன்று பெண் குழந்தைகள். குடிசையை இடித்து, குடும்பத்தோடு சேலம் பஸ்சில் ஏற்றிவிட்டார்கள். மனைவி மக்களை ஊரில் விட்டுவிட்டு அவர் திரும்பி வந்தார். ஊரில் வேலை இல்லை. மறுபடியும் நடைபாதைதான்.

ஆக, ஒரே கோடைக்கும் மழைக்கும் நடுவில் இரண்டு கணக்கு. நடைபாதை ஏழைக்கு நோட்டீசு கூட இல்லை. முதல்-மந்திரி மீது கேள்வி வந்தபோது என்ன நடந்தது? அதைப் பார்ப்போம்.

நீதிபதி லெண்டின் தீர்ப்பு

சிமெண்டு ஒதுக்கீட்டை எதிர்த்து பி.பி.சாமந்த், மிருணாள் கோரே முதலான ஜனதா கட்சித் தலைவர்கள் பம்பாய் ஐகோர்ட்டில் ரிட் மனு போட்டார்கள். 'தண்ணீர் அம்மா' என்று கோரேகாவ் மக்கள் அழைத்த அதே மிருணாள் கோரேதான். விசாரித்தவர் நீதிபதி பி.லெண்டின். பின்னாளில் ஜே.ஜே. ஆஸ்பத்திரி கிளிசரின் மருந்துச் சாவுகளை விசாரித்த கமிஷன் தலைவரும் அவரே.

1982 ஜனவரி 12-ந் தேதி தீர்ப்பு. சிமெண்டு ஒதுக்கீட்டுக்கும் அறக்கட்டளை நன்கொடைக்கும் தொடர்பு இருக்கிறது என்று நீதிபதி சொன்னார். அன்றே அந்துலே பதவி விலகுவதாக அறிவித்தார். அந்த மாதமே பாபாசாகேப் போஸ்லே முதல்-மந்திரி ஆனார். அடுத்த மாதம், 1982 பிப்ரவரி கடைசியில், சிமெண்டுக் கட்டுப்பாட்டை மத்திய அரசு பாதி தளர்த்தியது.

இங்கே ஒரு விஷயத்தைத் தெளிவாகப் புரிந்துகொள்ள வேண்டும். லெண்டின் தீர்ப்பு ரிட் மனு மீதான தீர்ப்பு. அரசாங்க முடிவு சரியா தப்பா என்று பார்ப்பது. அது குற்ற வழக்குத் தண்டனை அல்ல. ஒருவரைக் குற்றவாளி என்று சொல்லவேண்டுமானால் தனி வழக்கு, தனிச் சாட்சி, தனித் தீர்ப்பு வேண்டும். பதவி போவது வேறு, ஜெயிலுக்குப் போவது வேறு.

நன்கொடை எப்போது லஞ்சம்?

"பணம் என் சட்டைப்பைக்குப் போகவில்லை, பொது அறக்கட்டளைக்குத்தானே போயிற்று" என்பது அந்துலே தரப்பு வாதம். கேட்பதற்கு நியாயமாகத்தான் இருக்கிறது. செக்கில் வந்த பணம். ரசீதும் உண்டு.

ஆனால் சட்டம் வேறு விதமாகப் பார்க்கிறது. லஞ்சம் பற்றிய அன்றைய இந்தியத் தண்டனைச் சட்டம் 161-வது பிரிவு, தனக்காக வாங்கினாலும் சரி, வேறு ஒருவருக்காக வாங்கினாலும் சரி என்று சொன்னது. பணம் எந்தப் பெட்டியில் விழுந்தது என்பது மட்டும் கேள்வி அல்ல. எதற்காக விழுந்தது என்பதே கேள்வி. மனுவை வைத்துக்கொண்டு நிற்பவனிடம், அந்த மனுவில் கையெழுத்துப் போடவேண்டியவரே நன்கொடையும் கேட்டால், அது தர்மமா, கூலியா?

ரயில்வே கவுண்டரில் உட்காரும் எங்களுக்கு ஒரு விதி உண்டு. டூட்டி தொடங்கும்போது சட்டைப்பையில் இருக்கும் சொந்தப் பணத்தை ரிஜிஸ்டரில் எழுதிக் கையெழுத்துப் போடவேண்டும். விஜிலென்ஸ்காரர்கள் சொல்லாமல் வருவார்கள். எண்ணுவார்கள். டிக்கெட் கணக்குக்கும் எழுதி வைத்ததற்கும் மேலே பத்து ரூபாய் இருந்தாலும் எப்படி வந்தது என்று பதில் சொல்லவேண்டும். "கோயில் உண்டியலுக்கு வைத்திருந்தேன்" என்றால் ஒப்புக்கொள்வார்களா? சின்னக் கவுண்டருக்கு உள்ள விதி பெரிய கவுண்டருக்கும் வேண்டும் அல்லவா?

யார் அனுமதி தருவது?

குற்ற வழக்கைத் தொடங்கியவர் பாரதீய ஜனதா கட்சியைச் சேர்ந்த ராம்தாஸ் நாயக். போலீசார் அல்ல, அரசாங்கம் அல்ல. தனி மனிதர். பத்திரிகைக் கட்டுரை வந்த மறுநாளே, 1981 செப்டம்பர் 1-ந் தேதி, வழக்குத் தொடர அனுமதி கேட்டுக் கவர்னருக்குக் கடிதம் எழுதினார். செப்டம்பர் 11-ந் தேதி எஸ்பிளனேடு மாஜிஸ்திரேட்டு கோர்ட்டில் புகார் கொடுத்தார். அனுமதி இல்லாமல் ஏற்கமுடியாது என்று மாஜிஸ்திரேட்டு திருப்பிவிட்டார்.

பொது ஊழியர் மீது வழக்குப் போட மேலிடத்து அனுமதி வேண்டும் என்பது சட்டம். நேர்மையாக வேலை செய்பவரை வேண்டாதவர்கள் பொய் வழக்கில் இழுக்காமல் இருக்க அந்தப் பாதுகாப்பு. மந்திரிக்கும் உண்டு, ரயில்வே குமாஸ்தாவுக்கும் உண்டு. சரிதான். ஆனால் முதல்-மந்திரி மீதே புகார் என்றால் அனுமதி தருவது யார்? மந்திரிசபை சொல்வதைக் கேட்டுக் கவர்னர் நடந்தால், தன் மீதான வழக்குக்குத் தானே நீதிபதி என்று ஆகாதா? இத்தகைய விஷயத்தில் கவர்னர் சொந்தமாக யோசித்து முடிவு எடுக்கவேண்டும் என்பது ஏற்கப்பட்டது.

1982 ஜூலை 28-ந் தேதி அனுமதி கிடைத்தது. ஆகஸ்டு 9-ந் தேதி தனி நீதிபதி பூட்டா முன்பு நாயக் புதிய புகார் கொடுத்தார். வழக்கு எண் 24/1982.

பின்னர் வழக்கு தனி நீதிபதி சூலேயிடம் போனது. அந்துலே இன்னும் எம்.எல்.ஏ.வாக இருக்கிறார், எம்.எல்.ஏ.வும் பொது ஊழியர்தான், ஆகவே சட்டசபையின் அனுமதியும் வேண்டும் என்று சொல்லி 1983 ஜூலை 25-ந் தேதி அவர் அந்துலேயை விடுவித்தார்.

இரண்டு வருடம் ஓடிவிட்டது. சிமெண்டைப் பற்றி ஒரு சாட்சியும் கூண்டில் ஏறவில்லை. யாரிடம் அனுமதி வாங்குவது என்பதிலேயே காலம் போயிற்று.

சுப்ரீம் கோர்ட்டில் இரண்டு திருப்பம்

1984 பிப்ரவரி 16-ந் தேதி ஐந்து நீதிபதிகள் கொண்ட சுப்ரீம் கோர்ட்டு பெஞ்சு, சூலே தீர்ப்பைத் தள்ளியது. எம்.எல்.ஏ. அந்தச் சட்டப்படி பொது ஊழியர் அல்ல. எந்தப் பதவியைத் தவறாகப் பயன்படுத்தியதாகப் புகாரோ, அந்தப் பதவிக்குத்தான் அனுமதி. அந்தப் பதவியை விட்டு இறங்கியவருக்கு அனுமதி தேவையில்லை என்றார்கள். ஊழல் பற்றிச் சாதாரணக் குடிமகனும் நேராகக் கோர்ட்டில் புகார் கொடுக்கலாம் என்றும் அன்றே தீர்ப்பு. இது பெரிய வாசல்.

அதோடு விடவில்லை. வழக்கு தாமதமாகிவிட்டது, ஐகோர்ட்டு நீதிபதியே தினந்தோறும் விசாரிக்கட்டும் என்று மாற்றி உத்தரவிட்டார்கள். ஐகோர்ட்டில் 57 சாட்சிகள் விசாரிக்கப்பட்டார்கள். நீதிபதி மேத்தா 21 குற்றச்சாட்டுகளைப் பதிவு செய்தார். 1986-ல் சுப்ரீம் கோர்ட்டு தலையிட்ட பிறகு, ஜூலை 24-ந் தேதி நீதிபதி பி.எஸ்.ஷா 79 குற்றச்சாட்டுகளைப் பதிவு செய்தார்.

இனித் தீர்ப்புதான் என்று ஊர் நினைத்தது. வந்தது வேறு. 1988 ஏப்ரல் 29-ந் தேதி ஏழு நீதிபதிகள் கொண்ட பெஞ்சு பெரும்பான்மையாக ஒரு முடிவு சொன்னது. 1952-ம் ஆண்டுச் சட்டப்படி இப்படிப்பட்ட வழக்கைத் தனி நீதிபதி மட்டுமே விசாரிக்கலாம். ஐகோர்ட்டுக்கு மாற்றியது சட்டத்துக்குப் பொருந்தாது. தனி நீதிபதி தீர்ப்புச் சொன்னால் ஐகோர்ட்டில் அப்பீல் உண்டு. ஐகோர்ட்டே விசாரித்தால் அந்தப் படி அந்துலேவுக்குப் பறிபோகிறது. கோர்ட்டு செய்த தவறால் யாரும் கஷ்டப்படக்கூடாது என்றார்கள். ஐகோர்ட்டில் நடந்த விசாரணை அத்தனையும் ரத்து. 57 சாட்சிகள் சொன்னதும், 79 குற்றச்சாட்டும் அதோடு போயின.

1991 டிசம்பர் 10-ந் தேதி அந்துலே பெயரில் இன்னொரு தீர்ப்பு. விரைவான விசாரணை ஒவ்வொரு குற்றம் சாட்டப்பட்டவரின் உரிமை. ஆனால் இத்தனை வருடத்துக்குள் முடியாவிட்டால் வழக்கு தள்ளுபடி என்று பொதுக்கோடு கிழிக்க முடியாது, ஒவ்வொரு வழக்கையும் தனித்தனியே எடை போட வேண்டும் என்றது சுப்ரீம் கோர்ட்டு.

"ஜெயிலுக்குப் போனாரா?"

தாராவி 90 அடி ரோட்டில் டீக்கடைப் பேச்சில் மாஜி மந்திரி ஒருவர் மீது வழக்கு என்று பேப்பரில் வந்தால் போதும். "ஏன் அண்ணாச்சி, இவர் உள்ளே போவாரா?" என்று இளவட்டங்கள் கேட்பார்கள். "அந்துலே போனாராடே? அதைச் சொல்லு முதல்ல" என்பார் நெல்லைப் பெரியவர்.

அவர் கேட்பது சரி. 1989-ல் அந்துலே மக்கள் ஓட்டுப் போட்டு லோக்சபாவுக்குப் போனார். 1995-ல் மத்திய சுகாதார மந்திரி. 2006 முதல் 2009 வரை சிறுபான்மையினர் நலத்துறை மந்திரி. 2014 டிசம்பர் 2-ந் தேதி மும்பையில் 85-வது வயதில் காலமானார். புகார் கொடுத்த ராம்தாஸ் நாயக் அதற்கு இருபது வருடம் முன்பே, 1994-ல், பாந்த்ராவில் சுட்டுக் கொல்லப்பட்டார். அது வேறு கதை.

நம்மூரிலும் இதே கணக்குத்தான். ஜெயலலிதா மீதான சொத்துக் குவிப்பு வழக்கு 1996-ல் சுப்பிரமணியசாமி என்ற தனி மனிதர் கொடுத்த புகாரில் தொடங்கியது. சென்னையில் இருந்து பெங்களூருக்கு மாற்றினார்கள். 2014 செப்டம்பர் 27-ந் தேதி 4 ஆண்டு சிறை, 100 கோடி ரூபாய் அபராதம். 2015 மே 11-ந் தேதி கர்நாடக ஐகோர்ட்டு விடுவித்தது. 2017 பிப்ரவரி 14-ந் தேதி சுப்ரீம் கோர்ட்டு, கீழ்க்கோர்ட்டுத் தண்டனையை மற்ற மூவருக்கும் உறுதி செய்தது. ஜெயலலிதா அதற்கு முன்பே 2016 டிசம்பர் 5-ந் தேதி காலமாகிவிட்டார். புகாருக்கும் கடைசித் தீர்ப்புக்கும் இடையே இருபது வருடத்துக்கு மேல்.

1984-ல் திறந்த வாசலும் பிறகு கொஞ்சம் குறுகிவிட்டது. 2018-ல் ஊழல் தடுப்புச் சட்டத்தைத் திருத்தினார்கள். பதவியில் இருந்தபோது செய்ததாகச் சொல்லப்படும் குற்றத்துக்கு, பதவியை விட்டு இறங்கியவர் மீதும் வழக்குத் தொடர இப்போது அனுமதி வேண்டும்.

சேலம் தொழிலாளிக்கு என்ன கிடைத்தது?

நடைபாதைக்காரர்கள் வழக்கிலும் தீர்ப்பு வந்தது. 1985 ஜூலை 10. தலைமை நீதிபதி சந்திரசூட் தலைமையில் ஐந்து நீதிபதிகள். பிழைப்பு இல்லாமல் உயிர் இல்லை, ஆகவே பிழைப்புக்கான உரிமையும் உயிர் வாழும் உரிமையில் அடக்கம் என்றார்கள். ஆனால் நடைபாதையில் நிரந்தரமாகக் குடியிருக்க உரிமை இல்லை. முறைப்படி நோட்டீசு கொடுத்து, சொல்வதைக் கேட்ட பிறகு அப்புறப்படுத்தலாம். அந்த வருட மழைக்காலம் முடியும் வரை, அக்டோபர் 31 வரை, கை வைக்கக்கூடாது. 1976 கணக்கெடுப்பில் அடையாள அட்டை வாங்கியவர்களுக்கு மாற்று இடம் தரவேண்டும்.

இந்த இரண்டு தீர்ப்புகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். 1985-ல் ஏழைக்குக் கோர்ட்டு சொன்னது: முறை தவறி உன்னைத் தூக்கி எறியக்கூடாது. 1988-ல் மாஜி முதல்-மந்திரிக்குச் சொன்னது: முறை தவறி உங்களை விசாரிக்கக்கூடாது. சட்டம் ஒன்றுதான். இருவருக்கும் அது உரிமைதான். அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை.

ஆனால் பலன் ஒன்றல்ல. பெரியவருக்கு முறை என்றால் வருடங்கள். வக்கீல்கள் வாதாட, காலம் ஓட, அவர் மறுபடி மந்திரி ஆகலாம். ஏழைக்கு முறை என்றால் ஒரு நோட்டீசு, ஒரு மழைக்காலம். அதற்குள் அவன் கையில் காகிதம் இருந்தால் பிழைத்தான். இல்லாவிட்டால் மறுபடி நடைபாதை.

அதனால்தான் நம்மவர்களுக்கு ஒன்று சொல்லத் தோன்றுகிறது. பெரிய மனிதர் மீது வழக்கு வந்தால் கொண்டாடவும் வேண்டாம், இது ஒன்றும் ஆகாது என்று கையை உதறவும் வேண்டாம். வழக்கு எந்தப் படியில் நிற்கிறது என்று பாருங்கள். புகாரா, அனுமதியா, குற்றச்சாட்டுப் பதிவா, தீர்ப்பா? ஒவ்வொன்றும் வேறு. தீர்ப்பு வராதவரை யாரும் குற்றவாளி இல்லை. தீர்ப்பு வரவில்லை என்பதற்காகக் கேள்வி கேட்டது வீணும் இல்லை. ஒரு கட்டுரையும் ஒரு ரிட் மனுவும் சேர்ந்து ஐந்து மாதத்துக்குள் ஒரு முதல்-மந்திரியைப் பதவி விலக வைத்தன என்பதும் உண்மை.

இன்று தாராவியில் மறுசீரமைப்புக்காக வீட்டுக்கு வீடு எண் போட்டு சர்வே எடுத்திருக்கிறார்கள். 1976 அட்டை 1985-ல் சோறு போட்டது. சர்வே சீட்டு, லைட் பில், ரேஷன் கார்டு, வாடகை ரசீது, எதையும் தூக்கிப் போடாதீர்கள். யாருக்காவது பணம் கொடுத்தால், அது சங்கமானாலும் அறக்கட்டளையானாலும், எதற்கு என்று எழுதிய ரசீது கேளுங்கள். ரசீது தர மறுப்பவரிடம் ஏன் என்றும் கேளுங்கள்.